பச்சை வேட்டியும் மஞ்சள் மாத்திரையும்

முழங்காலில் நோய் இருப்பது ஊருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் பழனிக்கு நடந்தே போகக் கிளம்பிய ஆள், எனக்குத் தெரிந்து திண்டுக்கல் வட்டாரத்தில் ஒருவன்தான். அவன் நான். முட்டாள்தனத்திலும் தரம் உண்டு. தெரியாமல் செய்வது மூன்றாம் தரம். தெரிந்து, யோசித்து, வீட்டில் பொய் சொல்லி, செருப்பையும் கழற்றி வைத்துவிட்டுச் செய்வது முதல் தரம். நான் எதிலும் முதல் வகுப்பில் தேறுகிறவன். டைப்ரைட்டிங் ஹையர் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். இதற்கும் யாராவது ஒன்று அடித்துக் கொடுத்திருந்தால் பக்கத்திலேயே மாட்டியிருப்பேன்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தொண்ணூறுகளின் கடைசி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். காலை ஆறு மணி பேட்ச்தான் எனக்குப் பெரிய பேட்ச். கல்லூரிக்குப் போகிற பெண்கள், வேலை தேடுகிற பையன்கள், வரிசையாக உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தால் மாடியே ஆஸ்பெஸ்டாஸில் விழுகிற மழை மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே என் குரல் கேட்க வேண்டும் என்பதால் சத்தமாகப் பேசிப் பழகினேன். அவர்கள் தூங்காமல் இருக்க வேண்டும் என்பதால் ஜோக் சொல்லிப் பழகினேன். பிறகு இரண்டையும் நிறுத்தத் தெரியவில்லை.

ஒருநாள் காலையில் ஒரு மாணவிக்குக் காகிதம் ஏற்றிக் கொடுக்கப் போனவன், மெஷினின் குமிழைப் பிடிக்க முடியாமல் நின்றேன். விரல்கள் சிறுமலை வாழைப்பழம் மாதிரி குட்டையாக, பருத்து, பளபளவென்று இருந்தன. மடக்கினால் மடங்கவில்லை. பத்து மணிக்கு மேல் மெல்ல மெல்ல என் பேச்சைக் கேட்டன. மறுநாள் காலை மறுபடி அதே வேலைநிறுத்தம். கொஞ்ச நாளில் முழங்கால்களும் சங்கத்தில் சேர்ந்துகொண்டன.

ஊர் வைத்தியம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் மதுரைக்கு ஒரு மூட்டு டாக்டரிடம் போனோம். நானும் என் மனைவியும். அவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "முடக்குவாதம்" என்றார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே ஆள் தெரியாமல் சொந்த மூட்டை அடிக்கிறது என்றார்.

"அப்ப வீட்டுக் காவல்காரனே வீட்டுக்காரனைப் போட்டு அடிக்கிறான்ங்கிறீங்க."

"அப்படித்தான் வச்சுக்கங்க."

"ஒரு திண்டுக்கல் பூட்டு போட்டுப் பாப்பமா சார்?"

திண்டுக்கல்காரன் வெளியூர் போனால் பூட்டு ஜோக் ஒன்று சொல்லாமல் திரும்ப மாட்டான். டாக்டர் நிமிரவில்லை. என் மனைவி என் தொடையில் கிள்ளினாள். "எம்புட்டு நாளைக்கு சார் மருந்து?" என்று கேட்டேன். "ஆயுசுக்கும்" என்றார். அதற்கு என்னிடம் ஜோக் இல்லை.

மருந்து வாரத்துக்கு ஒருநாள் மட்டும். மஞ்சள் நிறத்தில் குட்டி மாத்திரைகள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டால் திங்கட்கிழமை முழுவதும் குடலைப் புரட்டும். ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் விரல் வீக்கம் வடிய ஆரம்பித்தது. நோய் அடங்கியது. எனக்குத்தான் அடங்கத் தெரியவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. விரல் மடங்காதவன் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுக்கிறான் என்று தெரிந்தால் எந்தத் தகப்பன் பிள்ளையை அனுப்புவான்? எதிர்ப்பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வேறு அப்போதுதான் கண்ணாடிக் கதவு போட்டுத் திறந்திருந்தது. அதனால் நொண்டினால், வண்டியில் இருந்து விழுந்துவிட்டேன் என்று சொல்லிவந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர், வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு ஒரு கூட்டத்தைப் பழனிக்கு நடத்திக்கொண்டு போகிற குருசாமி. நான் படியிறங்கும்போதெல்லாம் அவர் கண் என் காலிலேயே இருக்கும்.

"என்னப்பு, காலு ஒருபக்கமா இழுக்குது?"

"வண்டியில இருந்து விழுந்துட்டேன் சாமி."

"போன மாசமும் விழுந்தேன்னு சொன்ன?"

"வண்டிக்குப் பழக்கமாயிருச்சு சாமி. அதுவா தள்ளிவிடுது."

அவர் சிரிப்பார். கடையில் நிற்கிறவர்களும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். இது வாய்வு, உருளைக்கிழங்கை விடு. இது குளிர்ச்சி, தயிரை விடு. வீட்டில் புளியைக் கொட்டிச் சமைக்கிறார்கள், அதைச் சொல்லி வை. குஜிலியம்பாறைப் பக்கம் ஒருவர் எண்ணெய் காய்ச்சுகிறார், தடவினால் எழுந்து ஓடலாம். முடக்கத்தான் கீரையில் தோசை, முடக்கத்தான் ரசம், முடக்கத்தான் துவையல். என் வீட்டு வெஞ்சனம் முழுக்க முடக்கத்தானாகி நான் பச்சையாக ஏப்பம் விட்டேன். கீரையின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அதைச் சொல்கிறவர்கள் கடைசியில் ஒட்டவைக்கிற வால் இருக்கிறதே, அதன் மேல்தான். "எல்லாம் மனசுதான். மனசுல தெம்பு இருந்தா எந்த நோயும் ஓடிரும்." இதைக் கேட்கும்போதெல்லாம் காது மடல் சுடும். அப்படியென்றால் நோய் இன்னும் இருக்கிறவனுக்கு மனதில் தெம்பு இல்லை என்று அர்த்தம். வலியும் எனக்கு, குற்றமும் எனக்கு. சொன்னவருக்கு டீ மட்டும்.

ஆனால் நான் அதற்கும் சிரித்துவைத்தேன்.

அந்த வருஷம் மார்கழியில் குருசாமி, "என்னப்பு, இந்தத் தடவ நீயும் மாலை போட்டுக்கயேன். விழுந்த காலு எந்திரிச்சு நிக்கும்" என்றார். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில், இவனால் முடியாது என்று எழுதியிருந்ததாக எனக்குத் தோன்றியது. அவர்கள் ஜெராக்ஸ் எப்போது வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்களோ என்னவோ. "போட்டுட்டா போச்சு" என்றேன். ஒரே நடையில் ஊர் வாயை அடைத்துவிடலாம் என்று கணக்கு.

மாலை போடும் முன் நைசாக ஒரு சந்தேகம் கேட்டேன். "சாமி, என் கூட்டாளி ஒருத்தன் வாராவாரம் ஏதோ மாத்திரை போடுறான். அவன் மாலை போடலாமா?"

"மாலை போட்டவனுக்கு முருகன்தான் மாத்திரை" என்றார். "அவனையும் நம்புவேன், இங்கிலீஷ் மருந்தையும் நம்புவேன்னா ரெண்டு படகுல கால் வைக்கிற மாதிரி. உன் கூட்டாளிகிட்டச் சொல்லு."

கூட்டாளி கேட்டுக்கொண்டான்.

வீட்டில் மாத்திரை என் மனைவியின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரோடு நீட்டுவாள். அவள் பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்துக்காரி. கோபமாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். அதனால் அவள் கோபமாக இருக்கிறாள் என்பதே எனக்குப் பாதி நேரம் தெரியாது. மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரைக் குடிப்பேன். அவள் திரும்பியதும் எடுத்து, காலியான ரிப்பன் டப்பா ஒன்றில் போட்டுவைப்பேன்.

"முழுங்கிட்டீங்களா?"

"வயித்துல போயி அட்டென்டன்ஸ் கொடுத்துருச்சு."

அவளும் சிரித்தாள். நம்பினாள்.

மாத்திரையை நிறுத்தியதும் திங்கட்கிழமைக் குமட்டல் நின்றது. நன்றாகப் பசித்தது. முன்பு தின்ற மருந்தின் தயவில் மூட்டும் கொஞ்ச நாள் சும்மா இருந்தது. அது எனக்கு எங்கே தெரிந்தது? முருகன் கண் திறந்துவிட்டான் என்றே நம்பினேன். பச்சை வேட்டியைக் கட்டிக்கொண்டு, படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, ஜெராக்ஸ் கடை வாசலில் வேண்டுமென்றே செத்த நேரம் நின்றுவிட்டுப் போனேன். என்னை நானே அறைய வேண்டும் என்று தோன்றுகிற காட்சிகளில் இதற்குத்தான் முதலிடம்.

கிளம்பின அன்று ரெட்டியார்சத்திரம் வரை அரோகரா சத்தத்தில் கால் இருப்பதே தெரியவில்லை. வழியில் ஒரு பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் தங்கினோம். தை மாதக் குளிர், சிமெண்டுத் தரை. காலையில் எல்லோரும் எழுந்தார்கள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். முழங்கால் இரண்டும் இளநீர்க்காய் அளவுக்கு இருந்தன. சுவரைப் பிடித்து நின்று, பல்லைக் கடித்து, ஒட்டன்சத்திரம் எல்லை வரைக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்தவனால் அதற்கு மேல் எழவே முடியவில்லை.

"முருகன் சோதிக்கிறாம்ப்பு. மனச விட்றாத. எந்திரி" என்றார் குருசாமி.

"சோதனைல ஃபெயிலு சாமி. அடுத்த வருசம் திரும்ப எழுதிக்கிறேன்."

கூட்டம் சிரித்துவிட்டு நகர்ந்தது. சிரித்தவனுக்கு என்ன பெரிதாக வலிக்கப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். நான் சிரித்த முகத்தோடு, கண்ணில் நீர் முட்ட, பச்சை வேட்டியில் ஒரு மைல்கல் மேல் உட்கார்ந்திருந்தேன். போகிறவர்கள் எல்லாம் என்னையும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மார்க்கெட்டில் இருந்து திண்டுக்கல் பக்கம் போகிற காய்கறி வண்டிக்காரர் ஒருவர்தான் வண்டியை நிறுத்தினார்.

"ஏனுங்க சாமி, பழனி அந்தப் பக்கமுங்க. நீங்க இந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கறீங்க?"

"திரும்ப முடியலைங்க."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. என்னைத் தூக்கி முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவில் சாய்த்தார். பழனிக்குப் போன நான் முருங்கைக்காயோடு முருங்கைக்காயாகத் திண்டுக்கல்லில் இறக்கப்பட்டேன்.

வீட்டில் படுத்த படுக்கை. என் மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், சாதம் ஊட்டினாள். கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். மருந்து போட்டும் எதற்கு இப்படி ஆயிற்று என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் திரும்பத் திரும்ப முருகனைச் சொன்னேன்.

தைப்பூசம் முடிந்து குருசாமி இரண்டு ஆட்களோடு பஞ்சாமிர்தமும் விபூதியும் கொண்டுவந்தார். என் நெற்றியில் பூசினார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்.

"தப்பா எடுத்துக்காத அப்பு. நடக்கிறவன் காலுக்குப் பலமே வீட்டுல இருக்கிற பொம்பளையோட சுத்தந்தான். விரத வீட்டுல எங்கயோ தீட்டுத் தட்டியிருக்கு. இல்லாட்டி பாதி வழியில இப்படி நிக்காது."

காபித் தம்ளர்களோடு என் மனைவி கதவருகில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

எனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் தேவைப்பட்டது. 'அவள் மேல் பழி போடாதீங்க, எனக்கு முடக்குவாதம், உங்கள் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தினேன்.' அவ்வளவுதான். பத்து விரலில் ஒன்றுகூட வேலை செய்யாத அந்த நேரத்திலும் நாக்கு நன்றாகத்தான் இருந்தது. அந்த நாக்கு என்ன சொன்னது தெரியுமா?

"தீட்டெல்லாம் இவளைக் கண்டாலே ஓடிரும் சாமி. நானே ஓட முடியாமத்தான கெடக்கேன்!"

மூன்று பேரும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் காபியை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு தம்ளர்கூடச் சிந்தவில்லை.

நான் தட்டுத் தடுமாறி எழுந்து நடக்கிற அளவுக்கு ஆகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு ஒருநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ரிப்பன் டப்பாவை என் முன்னால் வைத்தாள்.

"நீங்க படுத்திருக்கறப்ப அலமாரியத் தொடச்சனுங்க, அப்பவே பாத்துட்டனுங்க. அதுக்குப் போகலைங்க. அவிங்க தீட்டுன்னாங்க, நீங்க சிரிச்சீங்க. அதுக்குப் போறனுங்க."

"பஸ்ஸுல சன்னலோரம் உக்காரு, இல்லாட்டி..." என்று ஆரம்பித்தேன். ஜோக்கை முடிக்கும் முன் கதவு சாத்தியிருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில், பட்டன் வைத்த சட்டைகள் எல்லாம் கொடியில் தொங்கின. தலை வழியாக மாட்டுகிற ஜிப்பா ஒன்றையே தினமும் போட்டேன். அதை மாட்டவே கால் மணி நேரம் ஆகும். தலை உள்ளே, கை வெளியே என்று மாட்டிக்கொண்டு இருட்டுக்குள் நின்று கெட்ட வார்த்தை பேசுவேன். என் மேல், குருசாமி மேல், முடக்கத்தான் மேல், கம்ப்யூட்டர் சென்டரின் கண்ணாடிக் கதவு மேல், ஆயுசுக்கும் என்று சொன்ன டாக்டர் மேல், திருப்பிச் சண்டை போடாமல் 'ங்க' போட்டுவிட்டுப் போனவள் மேல். ஜிப்பாவுக்கு வெளியே தலை வந்ததும் சிரித்துக்கொண்டு மாடியேறுவேன்.

மதுரைக்குத் தனியாகப் போனேன். ரிப்பன் டப்பா விஷயத்தையும் ஒரு ஜோக்காகச் சொல்லிவைத்தேன். டாக்டர் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு விரல் கோணிருச்சு. இனி நேராகாது. இன்னொரு தடவை நிறுத்தினா மத்ததும் போகும்" என்றார். மறுபடி மருந்து எழுதினார். பிறகு, தாழ்வாரக் கோடியில் ஒரு அறையைக் காட்டி, அங்கே இருக்கிற பெண்ணிடம் பேசிவிட்டுப் போகச் சொன்னார். நீண்ட நாள் நோயாளிகளோடு பேசுவதற்கென்றே வைத்திருக்கிறார்களாம்.

"எனக்குக் கைகால்தான சார் கோளாறு? மண்டை நல்லாத்தான் இருக்கு."

"மருந்தை டப்பாவுல போட்டது கையா, மண்டையா?" என்றார்.

அந்த அறையில் ஒரு பக்கம் குளுக்கோஸ் கம்பிகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். நடுவில் இரண்டு நாற்காலி. சமூகப் பணிப் படிப்பு முடித்து அப்போதுதான் வேலைக்கு வந்த பெண். என் ஹையர் பேட்ச் பிள்ளைகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். இவளா எனக்கு மனத்தைச் சரிசெய்யப் போகிறாள் என்று எரிச்சலோடு உட்கார்ந்தேன்.

"காலையில சட்டைப் பட்டன் யார் சார் போட்டு விடுறாங்க?"

"பட்டனை ஒழிச்சிட்டேன்மா. பாரு, ஜிப்பா. கட்சியில சேரச் சொல்லிக்கூட ஆள் வருது."

அவள் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை.

"வீட்டுல யார் இருக்கா?"

"நானும் பதினெட்டு மெஷினும்."

"உங்க மனைவி?"

"பாலசமுத்திரத்துல. காத்து வாங்கப் போயிருக்கு."

மறுபடியும் சிரிப்பு இல்லை. இன்னும் ஒன்று சொன்னேன். இல்லை. வரிசையாக நாலு சொன்னேன். என் வாழ்நாளில் அப்படியொரு தோல்வி கண்டதில்லை. ஆறு மணிக்குத் தூங்கி வழிகிற பிள்ளைகளையே சிரிக்க வைத்தவன் நான். கடைசியில் கையிருப்பு தீர்ந்தது. "உனக்குச் சிரிப்பே வராதாம்மா?" என்று கத்திவிட்டேன். வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"வரும் சார். இப்ப நீங்க சிரிக்க வைக்கல, கோபப்பட்டீங்க. அதப் பத்திப் பேசலாமா?"

எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அடுத்த தடவையும் போனேன். மாத்திரை குமட்டுகிறது என்று சொல்லப் போனதாக எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவள் குமட்டலைப் பற்றித்தான் முதலில் கேட்டாள். அதை டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா என்றாள். இல்லை என்றேன். ஏன் என்றாள். வலி, குமட்டல், பயம் எதையுமே நான் யாரிடமும் நேராகச் சொன்னதில்லை என்பது அந்த 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் தெரிந்தது. அன்றைக்கே டாக்டரிடம் சொன்னேன். அவர் கூடவே இன்னொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். குமட்டல் பாதியாகக் குறைந்தது. இத்தனை நாள் நான் தின்ற திங்கட்கிழமைகளுக்கு யாரைக் கேட்பது?

பிறகு அந்தப் பெண் எனக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள்.

"உதவி வேணும்னா கேளுங்க சார். ஒரே வரி. அதுல ஜோக் சேக்கக் கூடாது. கேட்டுட்டு வாய மூடிக்கணும்."

"அம்புட்டுதானா?"

"உங்களுக்கு அது கஷ்டம் சார்."

ரோஷம் வந்தது. அன்று இரவே பரோட்டாக் கடையில் முயற்சி செய்தேன். பரோட்டாவைப் பிய்க்க முடியவில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, 'கொஞ்சம் பிய்த்துப் போடுங்கள், எனக்கு விரல் மடங்காது' என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். "அண்ணே, இந்தப் பரோட்டாவுக்கு எம்மேல என்ன பகை?" என்று வந்தது. அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு பரோட்டா வைத்துவிட்டுப் போனார். பகை இரட்டிப்பானது. சால்னாவை மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

மருந்துக் கடையில் அட்டையைப் பிரித்துத் தரச் சொல்லப் போய், அங்கேயும் ஒரு ஜோக். பேருந்தில் உட்கார இடம் கேட்கப் போய், அங்கேயும் ஒன்று. எல்லோரும் சிரித்தார்கள், நான் மதுரை வரை நின்றுகொண்டே போனேன். மனிதர்களைச் சிரிக்க வைத்தால் அவர்கள் உன் அருகில் வருவார்கள் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். வருவார்கள்தான். உட்கார இடம் மட்டும் தர மாட்டார்கள்.

முதன்முதலாக அது நடந்தது என் மாடியில்தான். ஒரு காலை, கை மிகவும் மோசமாக இருந்த நாள். ஒரு மாணவி காகிதம் கோணலாக ஏறிவிட்டது என்று கூப்பிட்டாள். போனேன். குமிழைப் பார்த்தேன். ஜோக் தொண்டை வரை வந்தது. "நீயே சரிபண்ணிக்கம்மா. எனக்கு விரல் மடங்காது. முடக்குவாதம்" என்றேன்.

"சரி சார்" என்றாள். சரிசெய்தாள். தட்ட ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான். கூரை விழவில்லை. ஒரு மெஷின்கூட நிற்கவில்லை. மறுநாள் அவளே மற்ற பிள்ளைகளுக்கும் காகிதம் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், யாரும் சொல்லாமலே. ஒரு தகப்பனும் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மேஜையை முழங்கையால் ஓங்கிக் குத்தினேன். முழங்கை ஒன்றுதான் அப்போது நன்றாக இருந்தது. இந்த 'சரி சார்' என்ற இரண்டு வார்த்தைக்குப் பயந்தா பழனிக்கு நடந்தேன்? இதற்காகவா என் மனைவியைக் காபித் தம்ளர்களோடு அப்படி நிற்க வைத்தேன்?

மதுரையில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "கோவமா வருதும்மா. நாள் பூரா வருது."

"சரி சார்."

"நல்லதா கெட்டதா?"

"வந்திருக்கு சார். யார்கிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்டச் சொல்லுங்க. ஜிப்பாவுக்குள்ள சொன்னா ஜிப்பாவுக்குத்தான் கேக்கும்."

அவளிடம் நான் முதலில் ரசித்த ஜோக் அது. நானும் சிரிக்கவில்லை. பழிக்குப் பழி.

ஊருக்கு வந்ததும் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். சாதிச் சான்றிதழும் ரேஷன் கார்டுமாக ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நல்லது என்று நினைத்துக்கொண்டேன். சிரித்தபோது ஆள் இருந்தார்கள், இதற்கும் இருக்கட்டும்.

"என்னப்பு, மறுபடி வண்டியில இருந்து விழுந்தியா?"

"நான் வண்டியில இருந்து விழவே இல்ல சாமி. எனக்கு முடக்குவாதம். ஆயுசுக்கும் மருந்து சாப்பிடணும். உங்க பேச்சக் கேட்டு நிறுத்துனேன், ரெண்டு விரலு கோணிப் போச்சு. நிறுத்துனது என் மடத்தனம். ஆனா எங்க வீட்டுல தீட்டுன்னு சொன்னீங்க பாருங்க, அது உங்க அயோக்கியத்தனம். அத நீங்க எங்க வீட்டு வாசல்ல வந்து வாபஸ் வாங்கணும்."

மெஷினின் பச்சை வெளிச்சம் ஒருமுறை போய் வந்தது. குருசாமி முகம் கறுத்தார். "மாலை போட்டும் உனக்குக் கோவம் அடங்கல பாத்தியா? அதான் முருகன் திருப்பி அனுப்பிட்டான்" என்றார். வாபஸ் வாங்கவில்லை. கடைசி வரைக்கும் வாங்கவில்லை. இதைப் படித்து யாராவது அவர் திருந்தினார் என்று எதிர்பார்த்தால், மன்னிக்கவும். அவர் அடுத்த தையிலும் கூட்டத்தை நடத்திக்கொண்டு போனார். நானும் அடுத்த மாதத்தில் இருந்து என் வேலைக்கெல்லாம் வேறு கடையில் ஜெராக்ஸ் எடுத்தேன். தூரம் அதிகம். காலுக்குக் கெடுதல். ஆனாலும் போனேன்.

படியேறும்போது வரிசையில் நின்ற ஒரு அம்மா பின்னாலேயே வந்தார். "தம்பி, எம் மருமகளுக்கும் கையி இப்படித்தான் வீங்குது. வெளிய சொல்லக் கூடாதுன்னு வச்சிருக்கோம். அந்த மதுர டாக்டரு எங்க இருக்காரு?" என்று கேட்டார். சொன்னேன். தாழ்வாரக் கோடி அறையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் போனபிறகு கோபம் இன்னும் அதிகமாயிற்று. அந்த வரிசையில் எத்தனை பேர் இப்படி முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டு நின்றார்களோ!

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை நானே எடுத்து விழுங்கினேன். திங்கட்கிழமை, பாதிக் குமட்டலோடு பழனி பஸ் ஏறினேன். "முட்டி மடங்காது, உக்கார இடம் குடுங்க" என்றேன். ஒருவர் எழுந்து கொடுத்தார். ஒட்டன்சத்திரம் தாண்டும்போது மைல்கற்களைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். பழனியில் இறங்கி, பாலசமுத்திரத்துக்கு டவுன் பஸ் பிடித்தேன்.

வீட்டுக்குப் பின்னால், தென்னை நிழலில் பாய் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கீரையைப் பார்த்தாள். எனக்கு வாயில் முதலில் வந்தது, 'பழனிக்கு நடந்துதான் வரலாம்னு பாத்தேன், முருங்கைக்காய் வண்டிக்காரர் விடல' என்பதுதான். நல்ல ஜோக். இன்றைக்கும் அது நல்ல ஜோக்தான். அதை விழுங்கியது போல எந்த மாத்திரையையும் நான் கஷ்டப்பட்டு விழுங்கியதில்லை.

கீழே உட்கார முடியாது. தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாத்திரை போடுறேன். காலையில சட்டை போட முடியல, குளிக்க முடியல. ராத்திரி பயமா இருக்கு. அன்னைக்கு அவரு உன்னச் சொன்னப்ப நான் வாயத் திறந்திருக்கணும். நேத்து முந்தாநாள்தான் திறந்தேன். வீட்டுக்கு வா." கொஞ்சம் மூச்சு வாங்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரே வரி என்றுதானே பாடம்? ஆனால் அடியில் இன்னும் ஒன்று கிடந்தது, அதுவும் வந்துவிட்டது. "எனக்குக் கோவமா வருது. இந்த உடம்பு மேல, ஊரு மேல, எம்மேல, ஒரு வார்த்தை திட்டாமப் போன உம்மேல, எல்லாத்து மேலயும் அம்புட்டுக் கோவமா வருது."

அவள் கையில் இருந்த கீரைத்தண்டை ஒடித்தாள். நிமிரவில்லை.

"எனக்கு உங்களவிட ஜாஸ்திங்க."